பிளான் மச்சாதுவின் கட்டாத அறைகள்

சிலுவைத்துறையில் மச்சாது பிளான் போட்டுக் கொடுக்காத வீடு குறைவு, அவர் போட்ட பிளான்படியே கட்டி முடித்த வீடு அதைவிடக் குறைவு. மனிதர் தாராளமாக வரைந்துவிடுவார். மாடி கேட்டவனுக்கு மாடியில் காற்று வாங்க ஓர் அறையும், அடுப்படி கேட்டவளுக்கு உட்கார்ந்து மீன் ஆய வெளிச்சமான ஓர் இடமும் சேர்த்து வரைந்து, நகராட்சியில் முத்திரையும் வாங்கிக் கையில் கொடுத்துவிடுவார். பிறகு அஸ்திவாரம் தோண்டும்போது மாமனார் ஓர் அறையைக் குறைப்பார், சிமெண்டு விலை ஒன்றைக் குறைக்கும், மகள் கல்யாணம் ஒன்றைக் குறைக்கும், கடைசியில் ஒரு ஹாலும் அதை ஒட்டி ஓர் அடுப்படியும்தான் எழும்பி நிற்கும். மச்சாது அதற்காக யாரிடமும் கோபித்துக்கொண்டதில்லை. மூலத் தாளைச் சுருட்டித் தகரக் குழாய்க்குள் போட்டு மூடி வைத்துக்கொள்வார். தன் கல்லறைக்கும் அவரே பிளான் போட்டு வைத்திருந்தார் என்றும், அதிலும் தம்பி மகன் ஒரு படியைக் குறைத்துவிட்டான் என்றும் ஊரில் சொல்வார்கள்.

அந்தத் தம்பி மகன் கனடாவுக்குப் போகும்போது குழாய்கள் அத்தனையையும் துறைமுகத்தை ஒட்டிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அருங்காட்சியகம் என்பது உப்பு மூட்டை அடுக்கி வைத்த பழைய கிட்டங்கிதான். ஐஸ் பேக்டரி முதலாளி லியோன் கல்தேரா தன் அறக்கட்டளையின் பேரில் அதை வாங்கி, வெள்ளையடித்து, பலகை மாட்டி வைத்திருந்தார். மச்சாதுவின் வரைபடங்களைக் கண்காட்சியாக வைக்க வேண்டும், திறப்பு விழாவுக்குக் கலெக்டரை அழைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கு ஆள் தேடியபோது ஜெசிந்தா கொரேரா ஊரிலேயே இருந்தாள்.

ஜெசிந்தாவுக்கு நாற்பது வயது. அகமதாபாத்தில் கண்காட்சி அமைக்கப் படித்து, சென்னையில் பல வருஷம் அதே வேலை பார்த்து, கல்யாணம் முறிந்தபின் இரண்டு பெட்டிகளோடு தங்கை ரெஜினாவின் வீட்டுக்கு வந்து, ஹாலில் டிவிக்கும் பீரோவுக்கும் நடுவில் மடக்குக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தாள். காலையில் எல்லோரும் எழும்புமுன் கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட வேண்டும். அவள் இருப்பது யாருக்கும் தொந்தரவில்லை என்று ரெஜினாவும் அவள் புருஷன் செபஸ்தியும் அடிக்கடி சொன்னார்கள். அடிக்கடி சொன்னதால் அவளுக்குத் தன் கைகால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் போயிற்று.

கிட்டங்கியில் கடலைப் பார்த்து நீளமான சுவர் ஒன்று, குட்டைச் சுவர்கள் இரண்டு, நடுவில் வரிசையாக இரும்புத் தூண்கள். தாள்களைக் கண்ணாடிக்குள் அடைக்க அவளுக்கு மனமில்லை. ஒவ்வொரு தாளையும் நூலில் தொங்கவிட்டு, பின்னால் வெள்ளைத் துணி கட்டி, துணிக்குப் பின்னால் விளக்குப் போட்டால் கோடுகள் சுவர்களைப் போல எழுந்து நிற்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். நூல் கனம் தாங்குமா என்று பார்க்க, கைக்கு வந்த முதல் குழாயைத் திறந்து, உள்ளே இருந்த தாளை வாசல் பக்கத்துத் தூணில் தொங்கவிட்டு, விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டுக்குப் போனாள். அது யார் வீட்டு பிளான் என்று அவள் வாசிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஈரத்துணி வாளியோடு மாடிக்குப் போன ரெஜினா அதே வாளியோடு இறங்கி வந்தாள்.

"அக்கா, மொட்டை மாடியில ஒரு ரூம் வந்துருக்கு. இனி துணியை எங்க காயப்போட?"

ஜெசிந்தா ஏறிப் பார்த்தாள். அறை புதுச் சுண்ணாம்பு வாசனையோடு நின்றது. கடல் பக்கம் ஒரு ஜன்னல், கோயில் பக்கம் ஒரு ஜன்னல், சுவரோடு சேர்ந்த அலமாரி. கடல் பக்கத்து ஜன்னல் கொஞ்சம் சாய்ந்து திரும்பியிருந்ததைப் பார்த்ததும், நேற்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்த அதே சாய்வு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செபஸ்தி பல் விளக்கிக்கொண்டே வந்து, விரலை மடக்கிச் சுவரைத் தட்டி, பூச்சு நல்ல பூச்சுதான் என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனான். சாயங்காலம் ஜெசிந்தா மடக்குக் கட்டிலை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டு பெட்டிகளையும் திறந்து, துணிகளை அலமாரியில் அடுக்கி, காலிப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மறுநாள் எழும்பியபோது கட்டிலை மடக்க வேண்டியதில்லை என்பது சற்று நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த தாள் புஷ்பம் டீச்சர் வீட்டுடையது. அதைத் தொங்கவிட்ட மறுநாள் டீச்சர் குடையோடு கிட்டங்கிக்கு வந்து, அடுப்படியை ஒட்டி ஓர் அறை வந்திருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது, சாவி உங்களிடமா என்று கேட்டார். சாவி குழாயின் அடியில் கிடந்தது. அதன் பிறகு ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மச்சாது வரைந்து, கட்டாமல் விட்டது எதுவோ, தாளைத் தொங்கவிட்டால் அது வருகிறது.

வந்ததை ஊர் எடுத்துப் புழங்க ஆரம்பித்தது. பங்குச் சாமியார் வீடு வீடாகப் போய்ப் புது அறைகளில் தீர்த்தம் தெளித்தார். நகராட்சி பில் கலெக்டர் அளவு நாடாவோடு வந்து, அனுமதியில்லாத கட்டடம் என்று எழுதப் போய், பழைய முத்திரையில் இந்த அறைக்கும் சேர்த்தே அனுமதி இருப்பதைப் பார்த்து, அப்படியானால் இத்தனை வருஷம் ஏன் இல்லாமல் இருந்தது என்று கேட்டார். வீட்டுக்காரர்கள் காபி போட்டுக் கொடுத்தார்கள், குடித்துவிட்டுப் போனார். ஒரு வீட்டில் புது அறையில் தையல் மிஷினைப் போட்டார்கள், ஒரு வீட்டில் கணவாய் மீன் காயப்போட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவாக ஒரு வராந்தா வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கோடியில் நாற்காலி போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

என்னென்ன செய்யக் கூடாது என்பதும் போகப் போகத் தெரிந்தது. இடம் பற்றாமல் ஒரு தாள்மேல் இன்னொரு தாளை ஒட்டினாற்போல் தொங்கவிட்டபோது, மறைந்த பகுதிக்கு மட்டும் கூரை வரவில்லை. ஜெராக்ஸ் எடுத்து மாட்டினால் ஒன்றும் வரவில்லை. தாளை வீட்டுக்கு வாங்கிப் போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியவருக்கும் ஒன்றும் வரவில்லை. தாள் நாலு பேர் வந்து பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும், நாலு பேர் பார்க்கவும் வேண்டும். யாரும் பார்க்காத திங்கட்கிழமை விடுமுறையில் அறைகளில் சுண்ணாம்பு உதிர்ந்தது, கதவுகள் இறுகின. அதனால் ஊரார் சேர்ந்து கேட்டுத் திங்கட்கிழமை விடுமுறையை நிறுத்தினார்கள், நீங்கள் எங்களுடையதைப் பாருங்கள், நாங்கள் உங்களுடையதைப் பார்க்கிறோம் என்று முறை வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கண்காட்சி இன்னும் திறக்கவே இல்லை, அதற்குள் சென்னையில் ஜெசிந்தா வைத்த எந்தக் கண்காட்சிக்கும் வராத கூட்டம் இதற்கு வந்தது. தாளுக்கு முன்னால் இவ்வளவு நேரம் நிற்கிற ஆட்களையும் அவள் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு தடவை ஓரம் கிழிந்த தாள் ஒன்றை ஒட்டுவதற்காக அவள் இறக்கியபோது, அந்த அறையில் மதியத் தூக்கம் போட்டிருந்த படகு மெக்கானிக் சூசை, கட்டில், தலையணை, ஸ்டாண்ட் பேன் எல்லாவற்றோடும் மொட்டை மாடி வெயிலில் கண் விழித்தார். ஒரு கீறல் இல்லை. கீழிறங்கி நேராகக் கிட்டங்கிக்கு வந்து, இனிமேல் இறக்குவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

நீளச் சுவரும் குட்டைச் சுவர்களும் தூண்களும் நிறைந்த பிறகுதான் இன்னாசியம்மாள் வந்தாள். வடக்கே இருக்கிற கடலோரக் கிராமங்களிலிருந்து விடியுமுன் முதல் வண்டியில் வந்து, ஏலத்தில் மீன் எடுத்து, தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்கிற பெண்களில் அவள் ஒருத்தி. ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள், எல்லாம் வீடாகவே இருக்கிறதே என்றாள். பிறகு கேட்டாள்.

"எங்களுக்கு ஏதாச்சும் போட்டாராம்மா அவரு?"

ஏலக்கூடத்தில் உட்கார இடமில்லை, ஒதுங்க இடமில்லை, அதனால் வீட்டை விட்டுக் கிளம்பினதிலிருந்து மதியம் வீடு திரும்புகிறவரை அவர்களில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை என்று அவள் சொன்னாள். புகார் சொல்கிற மாதிரி சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஜெசிந்தா பிரிக்காமல் கிடந்த குழாய்களில் தேடினாள். இருப்பதிலேயே பருமனான குழாயில், கதவு அகலத்துக்கு ஒன்பது தாள்கள் இருந்தன. மீன் விற்கும் பெண்கள் இளைப்பாறும் மண்டபம். காலை நீட்டி உட்கார நீளத் திண்டு, கூடை இறக்கி வைக்க இடுப்பு உயரத்தில் கல்மேடை, குளியலறைகள், உயரத்தில் ஜன்னல் வைத்த கழிப்பறைகள், தொட்டில் கட்ட வரிசையாகக் கொக்கிகள், நடுமுற்றத்தில் ஒரு வேப்பமரம். மரத்துக்குக் கூட மனிதர் இலை இலையாக வரைந்திருந்தார். ஒன்பதும் அடுத்தடுத்து, இடைவெளியில்லாமல், ஒரே வரிசையில் தொங்க வேண்டும். நீளச் சுவர் முழுக்க வேண்டும். மண்டபம் வரவேண்டிய இடம் ஏலக்கூடத்தை ஒட்டிய நகராட்சிப் புறம்போக்கு. அங்கே இப்போது கல்தேராவின் ஐஸ் லாரிகள் நின்றன.

கல்தேரா மரியாதையான மனிதர். ஜெசிந்தாவை உட்காரவைத்து, மோர் கொடுக்கச் சொல்லி, தாள்களைப் பொறுமையாகப் பார்த்தார். கலெக்டர் வருகிற விழாவில் கக்கூஸ் படத்தையா மாட்டுவது என்று கேட்டார். லாரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடைசியில் சொன்னதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

"நீளச் சுவர்ல இருக்கிற வீட்டுக்காரங்களை எங்கேம்மா அனுப்பப் போற?"

அந்தக் கேள்வி நியாயமானது. எதை மாட்டுவது, எதை விடுவது என்பதுதான் வாழ்நாள் முழுக்க அவள் செய்த வேலை. சென்னையில் அவள் விட்டவை பெட்டிக்குள் பேசாமல் தூங்கின, ஒன்றும் கதவைத் தட்டி வந்து ஏன் விட்டாய் என்று கேட்டதில்லை. இங்கே மாட்டியதிலும் ஆள் குடியிருந்தது, மாட்டாததிலும் ஆள் காத்திருந்தது. ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் ஏலக்கூடத்துப் பக்கம் போனாள். லாரிகளுக்கு நடுவில் மீன்தண்ணீர் தேங்கிய தரையில் பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி மடியில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே லாரி பின்னால் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஜெசிந்தா அங்கிருந்தே நீளச் சுவர்க்காரர்களின் வீடுகளுக்கு நடந்தாள்.

சூசை நேரத்தை மட்டும் சொல்லச் சொன்னார், கட்டிலை முன்னாடியே இறக்கிக்கொள்வதாகச் சொன்னார். அண்ணன் தம்பி இருவரில் அண்ணன் வராந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், தம்பி எடுக்கக் கூடாது என்றார்; இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து வாதாடத் தொடங்கிவிட்டதால் ஜெசிந்தா சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தாள். புஷ்பம் டீச்சர் முடியாது என்றார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம், வீட்டில் அதற்கு மேல், தனக்கென்று ஒரு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது இப்போதுதான் என்றார், அழவில்லை, பேச்சு முடிந்தது என்று காட்ட அந்தக் கதவைச் சாத்தினார். ஜெசிந்தா வெளியே நின்றபடி, எடுக்கத்தான் போகிறேன் டீச்சர் என்று கதவைப் பார்த்துச் சொன்னாள்.

கடைசி வீடு டெல்பினுடையது. கல்யாணமாகி, எட்டுப் பேர் இருந்த ஹாலில் சேலையைக் குறுக்கே கட்டித் திரையாக்கி இரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். மேலே அறை வந்த பிறகு அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. ஜெசிந்தா சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, கையில் இருந்த துணியை மடித்து முடித்து, வாசல்வரை கூட வந்து, பிள்ளை பிறக்கிறவரைக்கும் இருக்குமா என்று மட்டும் கேட்டாள். இருக்கும் என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள். எப்படி என்று தெருமுனை திரும்பும்போதுதான் யோசித்தாள். தூண்கள் எல்லாம் நிறைந்திருந்தன. காலி செய்யத் தனக்கு உரிமையுள்ள தூண் ஒன்றுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் அலமாரியிலிருந்து துணிகளை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது ரெஜினா மேலே வந்தாள். பார்த்த ஒரே பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மத்தவங்க ரூமை எடுத்தா போதாதா? ஒன்னோடதையும் எடுக்கணுமா?"

"டெல்பினுக்கு ஒரு தூண் வேணும், ரெஜி."

ரெஜினா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். தெருவில் ஐஸ் வண்டிக்காரன் ஒருவன் மணியடித்துப் போனான். அவள் பேசியபோது குரல் சண்டைக்கு வரவில்லை.

"நீ ஹால்ல படுத்திருக்கும்போது நான் அடுப்படியில செருப்பில்லாம நடப்பேன்க்கா, ஒன்ன எழுப்பிரக் கூடாதுன்னு. நீயும் முழிச்சிக்கிட்டே கண்ணை மூடிப் படுத்திருப்ப, எனக்குத் தெரியும். இங்க வந்தப்புறம்தான் நீ கொறட்டை விட்ட."

"நான் கொறட்டை விடுவேனா?"

"கீழ வரைக்கும் கேக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள், பிறகு ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். படி குறுகல் என்பதால் கட்டிலைப் பக்கவாட்டில் சாய்த்து, மெதுவாக, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள்.

திறப்பு விழா அன்று காலையில், கலெக்டர் வருமுன், ஜெசிந்தா டெல்பினின் தாளைத் தன் தூணுக்கு மாற்றி, நீளச் சுவரைக் காலி செய்து ஒன்பது தாள்களையும் வரிசையாகத் தொங்கவிட்டு விளக்கைப் போட்டாள். ஐஸ் லாரிகள் கடற்கரைச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக, ஹேண்ட் பிரேக் போட்டபடி நின்றன. ஏலக்கூடத்தை ஒட்டி மண்டபம் நின்றது, முற்றத்தில் வேப்பமரம் பூத்திருந்தது. பெண்கள் கொஞ்ச நேரம் வெளியே நின்று பார்த்தார்கள். இன்னாசியம்மாள் கூடையைக் கல்மேடையில் இறக்கி, குனியாமலே இறக்கினோம் என்பதைக் கவனித்து, இன்னொரு தடவை தூக்கி இறக்கிப் பார்த்தாள்.

கல்தேரா விஷயம் தெரிந்துதான் ரிப்பன் வெட்டினார். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், வேறென்ன செய்ய. விழா முடிந்ததும் ஒன்பதையும் இறக்கச் சொல்லத்தான் அவர் நீளச் சுவர்ப்பக்கம் வந்தார். அங்கே பெண்கள் காலிக் கூடைகளோடு தரையில் உட்கார்ந்து தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது, ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்திருந்தார்கள். மீன் வாசனை கிட்டங்கி முழுக்க இருந்தது. கலெக்டர் அம்மா அந்தப் பெண்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, தொட்டில் கொக்கிகளைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கல்தேரா ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, கண்காட்சி முடிகிறவரைக்கும்தான் என்றார். தாள்கள் வெளிச்சத்தில் அதற்கு மேல் தாங்காது என்று அவளுக்கும் தெரியும். சரி என்றாள்.

அந்த மீன்பிடிப் பருவம் முழுக்க மண்டபம் இருந்தது. இவ்வளவு பெரிய கட்டடத்தைச் சும்மா விட முடியாதென்று நகராட்சி தண்ணீர்க் குழாய் இழுத்தது, சாக்கடை இணைப்புத் தோண்டியது, மீட்டர் வைத்தது. பெண்கள் ஏலத்துக்குப் போகுமுன் ஆளுக்கொரு செம்பு தண்ணீர் குடித்தார்கள். குழந்தைகள் கொக்கிகளில் கட்டிய தொட்டில்களில் தூங்கின. புஷ்பம் டீச்சர் கோயிலில் ஜெசிந்தாவுக்கு அருகே உட்காருவதை விட்டுவிட்டார், கடைசிவரை அது மாறவில்லை. டெல்பினுக்குப் பெண் குழந்தை பிறந்தது, ஞானஸ்நானத்துக்கு ஜெசிந்தாதான் தலைதொட்டு ஞானத்தாய் ஆனாள்.

தாள்களின் ஓரம் பழுப்பேறத் தொடங்கியதும் ஜெசிந்தா எல்லோருக்கும் முன்கூட்டிச் சொல்லி, ஒவ்வொன்றாக இறக்கிச் சுருட்டிக் குழாயில் போட்டாள். அறைகள் போயின. டெல்பினின் புருஷன் மறுவாரமே மாடியில் செங்கல் ஏற்றினான், காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று இப்போது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஏலக்கூடத்துப் பக்கம் வெறும் தரையும், அதில் பெண்கள் அடுக்கி வைத்த கூடைகளும் இருந்தன. ஆனால் நகராட்சி போட்டது எதுவும் போகவில்லை. தண்ணீர்க் குழாய் தரையிலிருந்து முளைத்தாற்போல் நின்றது, மீட்டர் ஒரு கம்பத்தில் நின்றது. இன்னாசியம்மாள் குழாயைத் திருகினாள். தண்ணீர் வந்தது.

லாரிகள் மறுநாள் திரும்பி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் ஜெசிந்தா சுண்ணாம்புப் பொடி மூட்டையோடும் கயிற்றோடும் அங்கே போனாள். ஒன்பது தாளும் அவளுக்கு மனப்பாடம். பெண்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க, அவள் சுவர் இருந்த இடத்திலெல்லாம் வெள்ளைக் கோடு போட்டாள், திண்டு இங்கே, குளியலறை இங்கே, தொட்டில் வரிசை இங்கே, வாசலுக்கு மட்டும் இடைவெளி. கழிப்பறைகள் இருந்த மூலையில் சாக்கடை இணைப்பைச் சுற்றிக் கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள்.

விடியற்காலையில் முதல் லாரியை ஓட்டி வந்தவன் பெயர் செல்லையா. வழக்கமான இடத்துக்கு வண்டியைத் திருப்பியவன் விளக்கு வெளிச்சத்தில் கோடுகளைப் பார்த்து நிறுத்தினான். உள்ளே பெண்கள் திண்டு இருந்த இடத்தில் வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்த ஒருத்தி கூடையோடு கோட்டைச் சுற்றி நடந்து, வாசல் வழியாக உள்ளே போனாள். செல்லையா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். இறங்கி, அவனும் கோட்டை ஒட்டியே நடந்து வாசலுக்கு வந்து, பெண்கள் இருக்கிற இடம் என்பதால் உள்ளே கால் வைக்காமல் வெளியிலேயே நின்றான்.

"இன்னாசியக்கா, வண்டியை எங்க விடட்டும்?"

இன்னாசியம்மாள் செம்பைக் கீழே வைத்தாள்.

"சாலைப் பக்கமா விடுப்பா. சுவத்துல இடிச்சிராத."

செல்லையா தலையாட்டிவிட்டுத் திரும்பி, கோட்டை மிதிக்காமல் சுற்றி நடந்து போய் வண்டியை எடுத்தான்.